உத்திரம், துரும்பு, இரண்டு மூட்டை அரிசி

வாசகர் கேள்வி – பதில்

மற்றவர்களை நியாயந்தீர்ப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். சபைப் பெயர்களையும் ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கியிருக்கிறோம். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பின்படி.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகன் ராத்திரி 12 மணிக்கு வீட்டுக்கு வருகிறான். ஏன் என்று கேட்டால், "நியாயந்தீர்க்காதீங்கன்னு இயேசுவே சொல்லியிருக்கார்ல" என்று மத்தேயு 7:1ஐக் காட்டுகிறான். என்ன பதில் சொல்வது? – ஒரு தகப்பனார், பாளையங்கோட்டை

பதில்: அவன் காட்டிய அதிகாரத்தை மூடாமல் இன்னும் கொஞ்சம் வாசிக்கச் சொல்லுங்கள். அதே அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் பரிசுத்தமானதை நாய்களுக்குக் கொடாதேயுங்கள், முத்துக்களைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள் என்கிறார். 15ஆம் வசனத்தில் கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்கிறார். எது நாய், எது பன்றி, யார் கள்ளன் என்று தரம்பிரிக்காமல் இந்த இரண்டையும் எப்படிக் கைக்கொள்வது? ஆகவே கண்ணை மூடிக்கொள் என்பது 1ஆம் வசனத்தின் பொருளாக இருக்க முடியாது.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே நல்ல காரியம் ஒன்று செய்திருக்கிறார்கள். "தீர்க்காதிருங்கள்" என்று மொட்டையாக விடாமல், "மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று எழுதினார்கள். மூலத்தில் உள்ள கிரேக்க வினைச்சொல் கிரினோ. புதிய ஏற்பாட்டில் 100 தடவைக்கு மேல் வரும் இந்தச் சொல்லுக்குப் பிரித்தறிவது, முடிவெடுப்பது, தண்டனைத் தீர்ப்புச் சொல்வது எல்லாமே பொருள்தான். லூக்கா 7:43இல் பரிசேயனாகிய சீமோனிடம் இயேசு "சரியாய் நிதானித்தாய்" என்று பாராட்டுகிறாரே, அங்கேயும் இதே சொல். அப்போஸ்தலர் 16:15இல் லீதியாள், என்னை விசுவாசமுள்ளவளென்று "எண்ணினால்" என் வீட்டில் தங்குங்கள் என்கிறாள். அதுவும் இதே சொல்தான். யோவான் 7:24 இன்னும் நேரடியானது: "தோற்றத்தின்படி தீர்ப்புச் செய்யாமல், நீதியின்படி தீர்ப்புச் செய்யுங்கள்."

உங்கள் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். "நீ 12 மணிக்கு வந்தாய்" என்பது கண்டது. "எங்கே போயிருந்தாய்?" என்பது கேள்வி. "இந்த வீட்டில் 10 மணிக்குள் வர வேண்டும், பிந்தினால் போன் பண்ண வேண்டும்" என்பது வீட்டு ஒழுங்கு. "நீ உருப்படவே மாட்டாய்" என்பது தீர்ப்பு. முதல் மூன்றும் தகப்பனுடைய கடமை. நாலாவதைத்தான் கர்த்தர் தடுக்கிறார். ஏனென்றால் அது அவன் செய்ததைப் பற்றியது அல்ல, அவன் யார், என்ன ஆவான் என்பதைப் பற்றியது. அந்த ஏட்டை எழுத உங்களுக்கு அதிகாரமில்லை. கோபத்தில் நாம் முதலாவதிலிருந்து ஒரே தாவாக நாலாவதுக்குப் போய்விடுகிறோம். நடு இரவில், தூக்கம் கெட்ட நிலையில், தங்கச்சி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருக்க, அந்தத் தாவல் நிச்சயம் நடக்கும். மறுநாள் காலை, சாப்பாட்டுக்குப் பிறகு, அவனோடு தனியாகப் பேசுங்கள்.

உத்திரத்தையும் பார்த்துவிட வேண்டும். உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை உணராமல் உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பைப் பார்ப்பதென்ன என்று மத்தேயு 7:3இல் கேட்கிறாரே, அந்த உத்திரம். கான்கிரீட் வீட்டில் வளர்ந்த பையனுக்கு உத்திரம் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது. ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்து கூரைப் பாரத்தையெல்லாம் தாங்குகிற பெருமரம் அது. துரும்பும் மரம், உத்திரமும் மரம்; அளவுதான் வேறே. அவன் இரவில் எங்கே இருக்கிறான் என்று கேட்கும் நாம், சாயங்காலம் 7 மணியிலிருந்து 10 மணி வரை கையில் போனோடு எங்கே இருக்கிறோம் என்று அவன் கேட்டால் பதில் இருக்கிறதா? முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள். அவன் கேட்டபிறகு ஒத்துக்கொண்டால் அது பின்வாங்குவதாகத்தான் தெரியும்.

5ஆம் வசனம் எங்கே முடிகிறது என்று கவனித்தீர்களா? துரும்பு கண்ணிலேயே இருக்கட்டும் என்று அல்ல. எடுத்துப்போட வகைபார்ப்பாய் என்றுதான். கண்ணில் விழுந்த தூசியைத் தெருவில் நின்று சத்தம் போட்டு எடுக்க முடியாது. பக்கத்தில் போக வேண்டும், வெளிச்சத்துக்குத் திருப்ப வேண்டும், தலையை ஒரு கையால் தாங்க வேண்டும், அவன் அசையாமல் இருக்க நம்மை நம்ப வேண்டும். லேவியராகமம் 19:17இல் பிறனை "எப்படியும் கடிந்துகொள்ளவேண்டும்" என்று வருகிறது, அதற்கு அடுத்த வசனம்தான் "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக." இரண்டுக்கும் நடுவே பழிவாங்காதே, பொறாமைகொள்ளாதே என்ற தடை மட்டும் நிற்கிறது.

கேள்வி: எங்கள் சபையின் அசன (பொது விருந்து) கணக்கில் அரிசி 12 மூட்டை என்று எழுதியிருக்கிறது. சமையல்காரர் 10 மூட்டைதான் இறங்கியது என்கிறார். கணக்கு வைத்தவர் மூத்தவர், மரியாதைப்பட்டவர். கேட்டால் நியாயந்தீர்ப்பதாகாதா? அவர் எனக்கு ஒன்றும் துரோகம் செய்யவில்லையே, மத்தேயு 18 இதற்குப் பொருந்துமா? – கமிட்டி உறுப்பினர் ஒருவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: இரண்டு காரியங்கள் உங்கள் கடிதத்தில் பின்னிக் கிடக்கின்றன. முதலில் பிரித்து வையுங்கள்.

கணக்குக் கேட்பது ஒன்று. அது நியாயந்தீர்ப்பே அல்ல. எருசலேம் பரிசுத்தவான்களுக்குச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரை அனுப்புகிறார், ஆக மூன்று பேர். காரணத்தையும் சொல்கிறார்: ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்" யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் (2 கொரிந்தியர் 8:20, 21). அப்போஸ்தலனுக்கே மூன்று கை தேவைப்பட்டதென்றால், நம் ஊர் அசனத்துக்கு இரண்டு கையெழுத்து கேட்பதில் யாருக்கும் மனவருத்தம் வரக் கூடாது.

ஒரு மனிதர் மேல் உங்களுக்கு வந்த சந்தேகம் இன்னொன்று. மத்தேயு 18:15–17 அதற்குரியது: குற்றஞ்செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போ, கேளாவிட்டால் இரண்டொருவரோடு போ, அதற்கும் கேளாவிட்டால் சபைக்குத் தெரியப்படுத்து. 15ஆம் வசனத்தில் வரும் "உனக்கு விரோதமாக" என்ற சொற்கள், நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வேதாகமக் கைப்பிரதிகளான சீனாய்ச் சுவடி, வத்திக்கான் சுவடி இரண்டிலும் இல்லை. உன் சகோதரன் குற்றஞ்செய்தால் போ என்றுதான் அவற்றில் இருக்கிறது. எனக்கு நேரடியாக நஷ்டமில்லை என்று ஒதுங்கவும் இடமில்லை, எனக்கென்ன உரிமை என்று தயங்கவும் தேவையில்லை.

போவதற்கு முன் வீட்டுப்பாடம் இருக்கிறது. சமையல்காரர் அரிசி இறங்கும்போது கூட நின்றாரா, அல்லது அடுப்படிக்கு வந்ததை எண்ணினாரா? மூட்டை என்றால் எத்தனை கிலோ? 25 கிலோ சிப்பத்தையும் மூட்டை என்கிறார்கள், 75 கிலோவையும் மூட்டை என்கிறார்கள். பில்லில் கிலோக் கணக்கைப் பாருங்கள். மீந்த அரிசி ஏதாவது விடுதிக்கோ ஏழை வீட்டுக்கோ போனதா? நீதிமொழிகள் 18:17 சொல்வது இதைத்தான்: தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான். சமையல்காரர் முதலில் பேசிவிட்டார், அவ்வளவுதான். அதற்கு மேல் இன்னும் எதுவும் நடக்கவில்லை.

பிறகு போங்கள், தனியாக. ஆராதனை முடிந்து ஆலய வாசலில் வேண்டாம், போன் வேண்டாம், கடிதம் வேண்டவே வேண்டாம், கடிதம் கை மாறும். அவர் வீட்டுத் திண்ணையோ வயல் வரப்போ நல்லது. "எல்லாரும் பேசிக்கிடுதாங்க" என்று தொடங்கினால் அங்கேயே காரியம் கெட்டது. யார் அந்த எல்லாரும் என்ற தேடலில் அரிசி மறந்துபோகும். இப்படிக் கேட்கலாம்: "அண்ணாச்சி, கணக்குல அரிசி 12ன்னு இருக்கு. சமையல்காரர் 10தான் இறங்குச்சுன்னு சொல்லுதாரு. எனக்கு வெளங்கல, நீங்கதான் சொல்லணும்." கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். மௌனம் தாங்காமல் நாமே "நீங்க எடுத்திருப்பீங்கன்னு சொல்லல" என்று உளறிவிடுவோம். சொல்லவில்லை என்று சொன்னதே சொன்னதாகிவிடும்.

அவர் சரியான விளக்கம் கொடுத்தால் உங்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. இதற்கு முன் நீங்கள் யாரிடமெல்லாம் வாய்விட்டீர்களோ, மனைவி உட்பட, அத்தனை பேரிடமும் போய் "நான் தப்பாக நினைத்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். தவறு என்று அவர் ஒத்துக்கொண்டால், "உன் சகோதரனை ஆதாயப்படுத்திக்கொண்டாய்." ஆனால் இது சபைப் பணம். பணம் திரும்ப வந்துவிட்டது என்று கணக்கைத் திருத்தாமல் விடக் கூடாது. போதகருக்குத் தெரிந்து, ரசீதோடு, ஏட்டில் திருத்தம் ஏற வேண்டும். ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்பதல்ல.

கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சில நாள் பொறுத்து இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த இரண்டொருவர் யார் என்பதில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. உங்கள் மைத்துனனையும், போன தேர்தலில் அவரிடம் தோற்றவரையும் கூட்டிப் போனால் அது சாட்சி அல்ல, படையெடுப்பு. அவர் மதிக்கிற ஆட்களாக இருக்க வேண்டும். "சாட்சிகளுடைய வாக்கினால் சங்கதிகளெல்லாம் நிலைவரப்படும்படி" என்றால், நீங்கள் பேசியது தவறாயிருந்தால் உங்களுக்கு எதிராகவும் சொல்லக்கூடியவர்கள் என்று பொருள். அதற்கும் மசியாவிட்டால்தான் சபை. அது போதகரும் கமிட்டியும் தணிக்கையும், மைக் அல்ல.

கடைசிப் படியில் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்" என்று வருவதை ஊர்விலக்கு என்று எடுத்துக்கொள்கிறோம். இதை எழுதி வைத்த சுவிசேஷத்தின் பெயருக்குரிய மத்தேயு ஆயத்துறையில் வரி வசூலிக்க உட்கார்ந்திருந்தவர். ஆயக்காரரை இயேசு எப்படி நடத்தினார் என்று அவருக்குத் தெரியும். பந்தியில் கூட உட்கார்ந்து சாப்பிட்டார். பணப்பெட்டிச் சாவியை வாங்கிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு அழைக்காமல் விடக் கூடாது.

கேள்வி: எங்கள் பெண்கள் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டு விஷயமெல்லாம் வருகிறது. ஜெபத்துக்காகத்தானே என்கிறார்கள். – வாசகி, நாகர்கோவில்

பதில்: கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் மூன்று பாவங்களைத் தனித்தனியாக வைக்கிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவர் தப்பு செய்தார் என்று மனதில் முடிவுகட்டுவது ஒன்று. பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பது இன்னொன்று. நடுவில் ஒன்று இருக்கிறது, அதுதான் உங்கள் குழுவில் நடப்பது: உண்மையான குறையையே, தக்க காரணமில்லாமல், அதைத் தெரியாதவர்களுக்குத் தெரிவிப்பது. "நான் பொய்யா சொன்னேன்?" என்ற கேள்வி இங்கே எடுபடாது.

லுத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) பொய்ச்சாட்சிக் கட்டளைக்கு விளக்கம் சொல்லும்போது, பிறனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லது சொல், எல்லாவற்றையும் நல்ல அர்த்தத்திலேயே எடுத்துக்கொள் என்கிறது. (லுத்தரன், கத்தோலிக்க வரிசையில் இது எட்டாம் கட்டளை, சிஎஸ்ஐ வாசகர்களுக்கு ஒன்பதாவது. எண்ணில் சண்டை வேண்டாம்.)

நடைமுறைக்கு வருவோம். "இன்ன அக்கா மகள் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பையனோடு பழகி, வீட்டில் ஒரே பிரச்சினை, ஊக்கமாய் ஜெபியுங்கள்" என்று ஒரு செய்தி வருகிறது என்று வையுங்கள். இதில் ஜெபத்துக்குத் தேவையானது எது? "ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக, ஒரு வாலிபப் பெண் சரியான முடிவெடுக்க ஜெபியுங்கள்." பெயர், பையன், வேலை இடம் எதுவும் தேவையில்லை. கர்த்தருக்கு விலாசம் தெரியும். அனனியாவுக்குத் தரிசனத்தில் நேர்த்தெரு என்று தெருப் பெயர் உட்படச் சொன்னவர் அவர் (அப்போஸ்தலர் 9:11). ஆனால் அதைப் போக வேண்டிய ஒரே ஆளுக்குச் சொன்னார், தமஸ்கு முழுவதற்கும் அல்ல.

குழு நடத்துபவர் மூன்று ஒழுங்கு வைக்கலாம். சம்பந்தப்பட்டவரிடம் "குழுவில் போடட்டுமா?" என்று கேட்காமல் எதுவும் போடக் கூடாது. வியாதியின் பெயர், மருத்துவ அறிக்கைப் படம் கூடாது. மீறி வந்தால் பொதுவில் திட்டாமல் உடனே "எல்லோருக்குமாக நீக்கு" அழுத்தச் சொல்லித் தனியாக ஒரு போன். சீக்கிரம் செய்ய வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தபிறகு நீக்கிப் பயனில்லை.

கேள்வி: பெந்தெகொஸ்தே சபையிலிருந்து வந்த மருமகள் நகை போட மாட்டேன் என்கிறாள். நாங்கள் சிஎஸ்ஐ. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வெறுங்கழுத்தாக வந்தால் எங்களுக்குத் தலைகுனிவு. அவளோ எங்களைப் பார்த்து உலகத்தார் என்கிறாள். – ஒரு மாமியார், மதுரை

பதில்: ரோமர் 14:3ஐ மெதுவாக வாசித்துப் பாருங்கள். "புசிக்கிறவன் புசியாதிருக்கிறவனை அற்பமாயெண்ணாதிருப்பானாக, புசியாதிருக்கிறவனும் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்காதிருப்பானாக." இரண்டு பேருக்கும் ஒரே புத்திமதி அல்ல, கவனியுங்கள். சுதந்தரமாயிருக்கிறவனுக்கு வரும் சோதனை ஏளனம். விலகியிருக்கிறவனுக்கு வரும் சோதனை கண்டனம். "வெறுங்கழுத்து" என்பது உங்கள் பக்கத்துப் பாவம், "உலகத்தார்" என்பது அவள் பக்கத்துப் பாவம். பவுல் இரண்டு வீட்டுப் பேச்சையும் ஒட்டுக்கேட்டவர் போல எழுதியிருக்கிறார்.

வசனம் இரண்டு பக்கமும் உண்டு. அவள் 1 பேதுரு 3:3ஐயும் 1 தீமோத்தேயு 2:9ஐயும் காட்டுவாள். நீங்கள் ஆதியாகமம் 24:22ஐக் காட்டலாம்: ரெபெக்காளுக்குக் கொடுத்த கடகங்கள் 10 சேக்கல் எடைப் பொன். சேக்கலுக்கு ஏறக்குறைய 11 கிராம் என்று வைத்தால் 14 பவுனுக்குப் பக்கத்தில் வரும், காதணி தனி. இந்த வாதத்தில் ஜெயித்தாலும் மருமகள் போட்டுக்கொள்ளப் போவதில்லை. அவள் மனதில் நிச்சயமில்லாமல் உங்களுக்காகப் போட்டால், ரோமர் 14:23இன்படி அது அவளுக்குப் பாவமாகிறது. எனவே கவரிங்காவது போட்டுக்கொள் என்று கல்யாண மண்டப வாசலில் கெஞ்சுவதையும் விட்டுவிடுங்கள்.

மகன் இருவரிடமும் தனித்தனியே பேசி ஒன்றை உறுதிப்படுத்தட்டும்: இந்த வீட்டில் நகை போடச் சொல்லியும் பேச்சில்லை, கழற்றச் சொல்லியும் பேச்சில்லை. பிறக்கப்போகும் பெண்குழந்தைக்குக் காது குத்துவதா என்பதையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. சண்டை பெரும்பாலும் அங்கேதான் திரும்ப வெடிக்கிறது. இன்னொன்று: அவள் கழற்றி வைத்த நகை அவளுடையதுதான். "அவதான் போடமாட்டாளே" என்று நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுக்க யாருக்கும் உரிமையில்லை.

கேள்வி: "உங்களில் பாவமில்லாதவன் முதலாவது கல்லெறியட்டும்" என்றால், நீதிமன்றமே கூடாதா? – மாணவர், திருச்சி

பதில்: இல்லை. விபசாரத்தில் இருவரையும் கொண்டுவர வேண்டும் என்பது நியாயப்பிரமாணம் (லேவியராகமம் 20:10). யோவான் 8ஆம் அதிகாரத்தில் இயேசுவிடம் வந்த வேதபாரகரும் பரிசேயரும் கையும் மெய்யுமாகப் பிடித்ததாகச் சொல்லிப் பெண்ணை மட்டும் கொண்டுவந்தார்கள். ஆண் எங்கே? முதல் கல்லைச் சாட்சிகள்தான் எறிய வேண்டும் என்பதும் சட்டம் (உபாகமம் 17:7). கோணலான வழக்கின் சாட்சிகளைப் பார்த்து இயேசு சொன்ன வார்த்தை அது. மிகப் பழைய சுவடிகளில் இந்தப் பகுதி இல்லாததால் பல பதிப்புகள் இதை அடைப்புக்குறிக்குள் அச்சிடுகின்றன. பழங்காலத்திலிருந்தே சபை வாசித்து வந்த பகுதிதான். "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்பதோடு நிறுத்தி மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்து வரும் "இனிப் பாவஞ்செய்யாதே" என்பதையும், அதை மட்டும் காட்டுகிறவர்கள் முன்பாதியையும் சேர்த்து வாசிக்கலாம்.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளிடம் ஒருவர் தவறாக நடக்கிறார் என்று தெரிகிறது. "அன்பு திரளான பாவங்களை மூடும்" என்று மூத்தவர்கள் அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள். – பெயர் வேண்டாம்

பதில்: மூடாது. 1 பேதுரு 4:8 பேசுவது நமக்கு ஒருவர் செய்த தவறை நாம் பொறுத்துக்கொள்வது பற்றி. பிள்ளைக்கு நடந்ததை மன்னிக்கும் உரிமை கமிட்டிக்கு இல்லை. மத்தேயு 18இன் முதல் படியும் இங்கே வேண்டாம்; குற்றஞ்சாட்டப்பட்டவரிடம் தனியாகப் போய்ப் பேசினால் அவர் பிள்ளையை மிரட்டவும் தடயத்தை அழிக்கவும் நேரம் கொடுத்ததாகும். அதே 18ஆம் அதிகாரத்தின் 6ஆம் வசனத்தில் ஏந்திரக்கல் இருக்கிறது, அதை வாசியுங்கள்.

2012ஆம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும். அறிவிக்காமல் இருப்பது 21ஆம் பிரிவில் குற்றம்; நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்குத் தண்டனை ஓராண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் அழைக்கலாம். பிள்ளையை நீங்களே குறுக்குவிசாரணை செய்ய வேண்டாம். சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே தேதியோடு எழுதி வைத்து, "சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். பெயர் வெளியே வரக் கூடாது. அந்த நபர் அன்றைக்கே பிள்ளைகள் பக்கத்திலிருந்து விலக்கப்பட வேண்டும்.

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு வாலிபன் தற்கொலை செய்துகொண்டான். அடக்க வீட்டிலேயே "நேரே நரகம்தான்" என்று சிலர் பேசினார்கள். தாயார் காதில் விழுந்தது. இது வேதத்தின்படி சரியா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சவுல் தன் பட்டயத்தின்மேல் விழுந்து செத்தான். யாபேஸ்கீலேயாத்தார் ராமுழுதும் நடந்துபோய், பெத்சானின் அலங்கத்திலிருந்து உடலை இறக்கிக் கொண்டுவந்து, எலும்புகளை அடக்கம்பண்ணி, 7 நாள் உபவாசம் இருந்தார்கள் (1 சாமுவேல் 31). ஒருகாலத்தில் தங்களைக் காப்பாற்றியவன் என்ற நன்றி. தாவீது புலம்பல் பாடினான். அடக்கம்பண்ணினவர்களை வாழ்த்தி ஆள் அனுப்பினான். "எங்கே போனான்" என்று ஒருவரும் அங்கே விசாரிக்கவில்லை.

பழைய நடைமுறை கடினமாக இருந்தது உண்மை. 1662ஆம் வருட ஆங்கிலிக்க ஜெபப்புத்தகம் தன் உயிரை மாய்த்தவருக்கு அடக்க ஆராதனையை வாசிக்க அனுமதிக்கவில்லை. கத்தோலிக்கரின் 1917ஆம் வருடத் திருச்சபைச் சட்டமும் மறுத்தது. 1983ஆம் வருடச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. மறைக்கல்வி நூலும் (2282, 2283) கடும் மனநோய், வேதனை, பயம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்கிறது. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. நாட்டின் 2017ஆம் வருட மனநலச் சட்டம்கூட, தற்கொலைக்கு முயன்றவர் கடும் அழுத்தத்தில் இருந்தார் என்ற ஊகத்தில்தான் தொடங்குகிறது. சபை அதைவிடக் கடினமாகத் தொடங்க வேண்டுமா?

யோபுவின் சிநேகிதர் 7 நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். பேசத் தொடங்கியதும்தான் கெட்டது. அந்த வீட்டுக்குப் போங்கள். எப்படி நடந்தது, என்ன பிரச்சினை, கடிதம் இருந்ததா என்று கேட்காதீர்கள். "முன்னமே கவனித்திருக்கலாம்" என்ற சொல் தாயாருக்கு வேண்டாம். அதை அவரே தனக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டிருப்பார். பையனின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். 16ஆம் நாளோடு எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் வாரங்களில் சாப்பாட்டோடு போங்கள். வீட்டில் மிஞ்சியிருப்பவர்களுக்கும் அதே எண்ணம் வரக்கூடும். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இந்த இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்ததற்காகப் பாடகர் குழுவிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் ஒரு வருடம் கழித்து, குடியை விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார். முதல் ஞாயிறே சாட்சி சொல்ல வைக்கலாமா? சிலர் இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். – சபை ஊழியர், தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டாம். கொரிந்து சபை ஒருவரைத் தண்டித்தபோது பவுல் எழுதினார்: அந்தத் தண்டனையே போதும், "அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு" மன்னித்து ஆறுதல்செய்யுங்கள் (2 கொரிந்தியர் 2:6, 7). தண்டனையை எப்போது நிறுத்துவது என்பது தொடங்குவதைவிடக் கடினமான தீர்மானம். அதற்குத் தேதி குறிக்காத கமிட்டிகள்தான் அதிகம்.

சாட்சி ஏன் வேண்டாம் என்றால், மேடையில் ஜெயம் அறிவித்த ஆள் அடுத்த மாதம் சறுக்கினால் திரும்பி வர முகம் இருக்காது. கலாத்தியர் 6:1இல் "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்று வரும் சொல், மாற்கு 1:19இல் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. கிழிந்த வலையைக் கரையில் விரித்து, பிய்ந்த நூலை வெட்டி, கண் கண்ணாக முடிச்சுப் போடுவதைக் கடற்கரை ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அவசரப்பட்டு இழுத்து முடிந்தால் கண் சிறுத்து வலை கோணும்.

முதல் சில மாதம் வாரம் ஒருமுறை ஒத்திகைக்கு மட்டும் வரட்டும், பிறகு ஆராதனையில் பாடட்டும். சாவியும் காணிக்கைத் தட்டும் கடைசியில். குடிநோயிலிருந்து மீள்கிறவர்களின் கூட்டத்துக்குப் போகிறவரானால் ஒத்திகை நாளை அதோடு மோதாமல் வையுங்கள். உங்கள் சபையில் திருவிருந்துக்கு மதுச்சத்துள்ள ரசம் பயன்படுத்துகிறீர்களானால் போதகரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்பம் மட்டும் வாங்கினாலும் அது முழுத் திருவிருந்துதான். பாத்திரம் வரும்போது அவர் எல்லார் முன்பாகவும் தலையசைத்து மறுக்கும்படி விடக் கூடாது.

இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்கிறவர்களுக்கு எகிப்தின் ஸ்கேத்திஸ் வனாந்தரத்தில் நாலாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி மோசேயைப் பற்றிச் சொல்லப்படுவதைக் காட்டலாம். கொள்ளைக்காரராயிருந்து மனந்திரும்பியவர் அவர். தவறிய ஒரு சகோதரரை விசாரிக்கக் கூட்டம் கூடியபோது, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தூக்கிக்கொண்டு வந்தார். இது என்ன என்று கேட்டார்கள். என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் பார்ப்பதில்லை. இன்னொருவருடைய குற்றத்தை விசாரிக்க வந்திருக்கிறேன் என்றார்.

அவர் திரும்பி வரும் முதல் ஞாயிறு பக்கத்தில் யார் உட்காருவது என்பதைச் சனிக்கிழமையே பேசி வையுங்கள். பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தால், பிரசங்கத்தில் நீங்கள் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது.